சுதன், மகன், மவன்

மறைக்கல்வி கற்பிக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு என் அனுபவத்தைச் சொல்லும்படி போன மாதம் பயிற்சி முகாமில் என்னை மேடையேற்றினார்கள். பதினைந்து நிமிடம் தந்தார்கள். பொன்னாடை போர்த்த நான்கு நிமிடம், போர்த்தியவரைப் புகழ ஐந்து நிமிடம், போட்டோ எடுத்தவர் "இன்னொரு தடவை போர்த்துங்க" என்று கேட்டதில் இரண்டு நிமிடம். மிச்ச நேரத்தில் மைக் வேலை செய்யவில்லை. ஆகவே எழுதித் தருகிறேன்.

நான் உபதேசியார். பென்னாகரம் பக்கத்தில் முப்பத்திரண்டு வருடம் அந்த வேலை பார்த்தேன். பங்குச் சாமியாருக்கும் ஊருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் அந்த வேலை. மற்றபடி செபம் சொல்லிக் கொடுப்பது, திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் ஆட்களைத் தயார் செய்வது எல்லாம் கூடுதல் பொறுப்பு.

அன்றைக்கு முகாமில் உங்களில் ஒரு தம்பி, தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு கடவுளைப் பற்றி மாதிரி வகுப்பு எடுத்தார். திரையில் ஒரு முட்டை வந்தது. ஓடு, வெள்ளைக் கரு, மஞ்சள் கரு, ஆனால் முட்டை ஒன்றுதான் என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். தந்தையாகிய கடவுளுக்கு ஓடு வேலையைக் கொடுத்திருக்கிறோமே, உடைத்துத் தூக்கிப் போடுகிற பொருளாயிற்றே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்து ஒரு தங்கச்சி மின்விசிறி காட்டினார். மூன்று இறக்கை, ஒரே காற்று. நல்லவேளை, அப்போது கரண்ட் போய்விட்டது.

உங்களைக் கிண்டல் செய்ய எனக்கு முழுத் தகுதி உண்டு. ஏனென்றால் இந்தப் பாவத்தை உங்களைவிடப் பெரிதாகச் செய்தவன் நான்.

என்னுடைய உதாரணம் தண்ணீர். தண்ணீர், பனிக்கட்டி, ஆவி. பொருள் ஒன்று, நிலை மூன்று. மற்ற மொழிக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி நமக்கு இருக்கிறது பாருங்கள், கொதிக்கிற தண்ணீரிலிருந்து வருவதும் ஆவி, கடவுளின் ஆவியும் ஆவி. இந்தப் பொருத்தத்தை நானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு பதினெட்டு வருடம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். வகுப்பில் "ஆவி" என்று சொல்லும்போது கையை மெல்ல மேலே தூக்குவேன். அதற்குத் தனியாகக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன்.

அதை ஒரு நாளில் காலி செய்தவள் ஜெயராணி.

ஜெயராணி கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் இல்லை. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு அருகே அவள் அம்மா டிபன் கடை வைத்திருந்தார். எங்கள் ஊர் அருள்ராஜைக் கட்டிக்கொள்ள முடிவு செய்து, திருமுழுக்குப் பெறுவதற்காக என்னிடம் ஆறு மாதம் பாடம் கேட்க வந்தாள். நான் என் தண்ணீர் உதாரணத்தைச் சொல்லி, கையைத் தூக்கி இறக்கிவிட்டு, அவள் அசந்துபோவதற்காகக் காத்திருந்தேன். அவள் யோசித்தாள்.

"சார், எங்க கடையில தெனமும் இட்லி அவிக்கிறோங்க. ஆவி போவப் போவ சட்டியில தண்ணி கொறஞ்சிடுது. அப்ப தூய ஆவி எறங்கி வந்தா மேல தந்தை கொறஞ்சிடுவாருங்களா?"

நான் இருமினேன். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேர் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இட்லி அவித்ததில்லையா, அல்லது நான் சொன்னதை ஒருவர்கூடக் கேட்கவில்லையா என்று அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டாவதுதான் உண்மை.

அப்புறம் அவளே சொன்னாள். "எனக்கு ஒண்ணு தோணுதுங்க சார். தந்தைன்னு ஒருத்தரைச் சொன்னாலே மகன்னு ஒருத்தர் இருக்கணுமில்லீங்களா? இல்லீன்னா அவரு எப்படி தந்தை? ஒருத்தரால ஒருத்தரு. அவ்ளோதானுங்களே?"

அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்ள நான் மறைமாவட்டச் செலவில் இரண்டு வருடம் படித்திருந்தேன். தெரிந்துகொண்டும் பனிக்கட்டி விற்றுக்கொண்டிருந்தேன். அவளிடம் "பரவாயில்லை, ஓரளவு புரிஞ்சிருக்கு" என்றேன். வாத்தியார் என்றால் சும்மாவா.

இனி நான் செய்த நிஜமான தவறுக்கு வருகிறேன். உதாரணம் தப்பாகப் போனால் வகுப்பு மட்டும்தான் கெடும். இது ஒரு வீட்டைக் கெடுத்தது.

அருள்ராஜின் அப்பா சவரிமுத்து. எங்கள் ஊரில் நான்கு ஏக்கரில் மஞ்சளும் கேழ்வரகும் போடுகிறவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே பையன் அருள்ராஜை அவர் சாமியாராக்க நினைத்தார். அந்தப் பையனைக் குருமடத்துக்குப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதியவன் நான்தான். பையனைக் கேட்டீர்களா என்று கேட்காதீர்கள். சவரிமுத்து கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பையன் குருமடத்தில் இருந்த ஏழு வருடமும் கோயிலில் முதல் வரிசை நாற்காலி சவரிமுத்துக்கு. அவர் உட்கார்ந்த பிறகுதான் பூசை தொடங்கும் என்பது போல ஒரு தோரணை. தேர்த் திருவிழாவில் வெள்ளை வேட்டி சரசரக்க முன்னால் நடப்பார். "சாமியாரோட அப்பா" என்று ஊரே கூப்பிட்டது. பையன் இன்னும் சாமியார் ஆகவில்லை என்பது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. எட்டாம் வருடம் அருள்ராஜ் பெட்டியோடு திரும்பி வந்து, "அப்பா, இது எனக்கு ஒத்துவராதுங்க" என்று சொல்லிவிட்டு, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஒரு வருடம் கழித்து ஜெயராணியைக் கல்யாணம் செய்துகொண்டான்.

சவரிமுத்து முதல் வரிசையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆனால் "எனக்கு மவன் இல்ல" என்று ஊருக்கே சொல்லிவிட்டார். சொன்னதோடு நிறுத்தாமல் அதைக் கடைப்பிடிக்கவும் செய்தார். கிழவரைத் தனியாக விடக்கூடாது என்று ஜெயராணி பிடிவாதமாக அந்த வீட்டிலேயே குடியிருந்தாள். அருள்ராஜ் சனிக்கிழமை தோறும் ஓசூரிலிருந்து வருவான். அப்பனும் மகனும் ஒரே அறையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

"ஜெயராணி, உன் வூட்டுக்காரங்கிட்ட சொல்லு, மோட்டரு ஓடல."

"ஜெயராணி, அப்பாகிட்ட சொல்லு, ஃபியூஸ் போட்டாச்சு."

நடுவில் அவள் களி கிண்டிக்கொண்டே, "மாமா, ஃபியூஸ் போட்டாச்சாம்" என்பாள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் அவள் சொன்ன பிறகுதான் தலையாட்டுவார்.

கோயிலிலும் ஒன்று நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு முன் செபமாலையைத் தொடங்கி வைப்பவர் சவரிமுத்து. அவர் காலத்து ஆட்கள் சிலுவை அடையாளம் போடும்போது "பிதா, சுதன், பரிசுத்த ஆவி" என்பார்கள். அந்தப் பழைய சொற்களை மாற்றி, "தந்தை, மகன், தூய ஆவி" என்று ஊரைச் சொல்ல வைத்ததும் நான்தான். முதலில் மாறியவர் சவரிமுத்துவே. அப்போது பையன் குருமடத்தில் இருந்தான். "மகன்" என்று சொல்லும்போது மனிதர் நெஞ்சைத் தொட்டு ஒரு அழுத்தம் கொடுப்பார் பாருங்கள், உயிர்த்த ஆண்டவரைச் சொல்கிறாரா குருமடத்துப் பையனைச் சொல்கிறாரா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

பையன் திரும்பி வந்த பிறகு அந்தக் கை நெஞ்சுக்கு இறங்கவில்லை. நெற்றியைத் தொட்டு "தந்தை" என்பார். ஒரு நொடி நிற்பார். அப்படியே தோளுக்குத் தாவி "தூய ஆவியின் பெயராலே, ஆமென்" என்பார். சண்டை போட்டவன் பெயரை வாயால் சொல்லமாட்டேன் என்கிற நம் ஊர் வீம்பு இருக்கிறதே, அதை அவர் கடவுள் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். ஊருக்குத் தெரியும், ஆனால் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் விடுகிற நாகரிகம் ஊருக்கு இருந்தது, எனக்கு இல்லை.

மூவொரு கடவுள் பெருவிழா. கோயில் நிறைந்திருக்கிறது. அவர் வழக்கம் போல நெற்றியிலிருந்து தோளுக்குத் தாவினார். என் கையில் இன்னொரு மைக் இருந்தது. அன்றைக்குப் பார்த்து மைக் வேலை செய்தது.

"சவரிமுத்தண்ணா, நடுவுல மகனைக் காணோமே? வழியில எறக்கி விட்டுட்டீங்களா?"

கோயிலே சிரித்தது. பின் வரிசையில் அருள்ராஜும் ஜெயராணியும் நின்றிருந்தார்கள், அவர்கள் சிரிக்கவில்லை. சவரிமுத்து மைக்கைக் கீழே வைத்தார். செபமாலையைச் சட்டைப் பையில் போட்டார். "மூணு பேருல ரெண்டு பேரை வெச்சி நான் சமாளிச்சிக்கிறேங்க" என்று சொல்லிவிட்டு நடு வழியாக இறங்கிப் போனார். எட்டு மாதம் கோயில் பக்கம் வரவில்லை. முதல் வரிசை நாற்காலியை யாரோ பாட்டுக் குழுவுக்கு எடுத்துப் போனார்கள்.

தம்பிகளே, அன்றைக்கு நான் சொன்னது இறையியல்படி நூற்றுக்கு நூறு சரி. மகனை விட்டால் சிலுவை அடையாளமே இல்லை. சரியாகப் பேசிவிட்டோம் என்கிற திருப்தியில் மத்தியானம் கறிச்சோறு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். சாயங்காலம்தான் வெட்கம் வந்தது. வந்த வெட்கத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவரே வரட்டும் என்று இருந்தேன்.

எட்டாம் மாதம் ஒரு புதன்கிழமை காலை. நான் சேலத்தில் கண்ணுக்கு மருந்து ஊற்றிப் பரிசோதனை செய்துகொண்டு ரயிலில் வந்து பொம்மிடியில் இறங்குகிறேன். எதிரில் வருவது ஆளா தூணா என்று தெரியவில்லை. போன் அடிக்கிறது. மூன்று தடவை தப்பான இடத்தில் தேய்த்த பிறகு எடுத்தேன்.

"உபதேசியாருங்களா? நான் சவரிமுத்துங்க."

எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்கிற குரல். அந்தக் குரலே வேறு மாதிரி இருந்தது. ஜெயராணிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆம்புலன்ஸை வரவழைத்து, கிழவர்தான் அவளைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். ஆண் குழந்தை. ஒரு கிலோவுக்கு மேல் கொஞ்சம். மூச்சுத் திணறல், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார்களாம். அருள்ராஜ் ஓசூரிலிருந்து கிளம்பிவிட்டான், வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும்.

"உள்ள போவறப்ப அந்தப் புள்ள ஒண்ணுதாங்க சொல்லுச்சு. மாமா, கொழந்தைக்கு ஒண்ணு ஆவறதுக்குள்ள ஞானஸ்நானம் கொடுத்துடுங்கன்னு. சாமியாருக்குப் போன் போட்டா எடுக்கலீங்க."

சாமியார் வருடாந்திர தியானத்தில் இருந்தார். அங்கே ஆண்டவரைத் தவிர யாரும் பேச முடியாதபடி எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் ஊற்ற வேண்டும், மூன்று பேரையும் சொல்ல வேண்டும். ஒருவரை விட்டாலும் செல்லாது.

"நீங்களே கொடுங்கண்ணா. நான் சொல்லித் தர்றேன்" என்றேன்.

அங்கே ஒரு நர்ஸ் இருந்தார். அவரிடம் சொல்லியிருந்தால் அவரே கொடுத்திருப்பார், அதுவும் செல்லும். ஆனால் நான் அவரைக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். எனக்குள்ளே ஒரு மூலையில் "இப்போ எப்படி மகனை விட்டுட்டுத் தாவுறன்னு பாக்கிறேன்" என்றொரு அற்ப சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ஒரு கிலோ குழந்தை மூச்சுக்குத் தவிக்கிறது, நான் பழைய வாதத்தில் ஜெயிக்கப் பார்க்கிறேன். முப்பத்திரண்டு வருடச் செபமும் தியானமும் என்னை இந்த அழகில்தான் வைத்திருந்தன.

நர்ஸ் நல்ல பெண். "ஒரு நிமிஷந்தான் தாத்தா" என்று கையைக் கழுவ வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் சுத்தமான தண்ணீர் எடுத்துக் கொடுத்து, போனை அவர் காதோரம் பிடித்துக்கொண்டார். பொம்மிடியில் அந்த நேரம் பார்த்து ஒரு சரக்கு ரயில் வந்தது.

"தலையில கொஞ்சங் கொஞ்சமா விடுங்க. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. தந்தை!"

"தந்தை."

"மகன்!"

சத்தமில்லை. ரயில் கடகடவென்று போய்க்கொண்டே இருக்கிறது. கேட்கவில்லையோ என்று கத்தினேன். "மகன்! அண்ணா, மகன்! மகன்!"

பிளாட்பாரத்தில் டீ விற்கிறவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். "என்னங்க ஐயா, மவன் காணாம போயிட்டானுங்களா?"

"ஆமாங்க, மூணு வருஷமா" என்றேன். வாய் தவறி வந்ததுதான். ஆனால் அதைச் சொன்ன கணம் என் அற்ப சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்தப் பையனைக் கேட்காமல் கடிதம் எழுதியவன் நான். அந்தக் கிழவரைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்தவன் நான். இப்போது அவர் தொண்டையில் மாட்டியிருக்கிற சொல்லும் நான் கொண்டுவந்து வைத்த சொல்தான்.

ஜெயிக்கிற ஆசையை விட்டேன். "அண்ணா, அது வரலீன்னா விடுங்க. பழையபடி பிதா, சுதன்னு சொல்லுங்க. அதுவும் செல்லும். கொழந்தைதான் முக்கியம்."

ரயில் சத்தம் அடங்கியது. அப்புறம், "சுதன்னா யாருங்க?"

அறுபது வருடம் அந்தச் சொல்லைச் சொன்னவர் கேட்கிறார். "அதுவும் மகன்தாண்ணா" என்றேன்.

"அப்பறம் எதுக்குங்க சுத்தி வளைச்சிக்கிட்டு." குரல் உடைந்தது. "தந்தை... மவன்... தூய ஆவி பேரால ஒனக்கு ஞானஸ்நானம் குடுக்கறேன்டா சாமி."

நான் சொல்லிக் கொடுத்த சொல் இல்லை, பழைய சொல்லும் இல்லை. வீட்டில் கூப்பிடுகிற சொல். நான் பிளாட்பாரத்திலேயே நின்று ஆமென் சொன்னேன். டீக்காரர் காசு வாங்காமல் ஒரு டீ கொடுத்துவிட்டு, "கெடச்சிடுவானுங்க" என்று ஆறுதல் சொன்னார்.

தியானம் முடிந்து வந்த சாமியார், இளம் வயதுக்காரர், பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, சரியான வார்த்தை சொன்னாரா என்று என்னைக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். பேனாவை மூடினார், திறந்தார். "மவன்னா மகன்தானே" என்றார். "நம்ம ஊர்ல அதுக்கு வேற அர்த்தம் இல்லீங்க சாமி" என்றேன். எழுதிக்கொண்டார்.

குழந்தை நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்து தேறி வீட்டுக்கு வந்தான். இத்தோடு அப்பனும் மகனும் கட்டிப் பிடித்து அழுதார்கள் என்று முடித்தால் உங்களுக்கும் வகுப்பில் சொல்ல வசதியாக இருக்கும். அப்படியெல்லாம் நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருவரும் கண்ணாடிக்கு வெளியே பக்கத்தில் பக்கத்தில் நின்று குழந்தையைப் பார்த்தார்கள், ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. சவரிமுத்து கோயிலுக்கு வந்தார், கடைசி வரிசையில் நின்றார், கை நெஞ்சுக்கு இறங்கியது. வீட்டில் மட்டும் பழைய கதைதான். ஆனால் ஜெயராணி தூது போவதை நிறுத்திவிட்டாள். "எனக்குக் கை நெறைய வேல இருக்குது. வேணுங்கிறவங்க நேரா பேசிக்குங்க" என்று இருவரிடமும் பொதுவாகச் சொன்னாளாம். அதன்பின் அந்த வீட்டில் மோட்டார் ஓடாவிட்டால் ஓடாததுதான்.

அந்த இருவருக்கும் நடுவில் இத்தனை காலம் அவள் என்னவாக இருந்தாள் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அதை எழுதினால் அதுவும் இன்னொரு முட்டையாகிவிடும். எழுதவில்லை.

குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன், எட்டு மாதத்தோடு இன்னும் சில மாதங்கள் சேர்த்துத் தாமதமாக. சவரிமுத்திடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க, மைக்கு இருந்தா யாரும் பேசத்தான் செய்வாங்க" என்றார். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். குழந்தை முற்றத்தில் மஞ்சள் காயப் போட்டிருந்த படுதாவை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து கைதட்டிக் கூப்பிட்டார்.

"மவனே! டேய் மவனே! இங்க வாடா!"

குழந்தை திரும்பவே இல்லை. வீட்டுக்குள்ளிருந்து அருள்ராஜ் ஓடிவந்தான். கையெல்லாம் ஈரம், துடைக்கக்கூட இல்லை.

"என்னங்கப்பா?"

சவரிமுத்து அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். ஜெயராணி கதவருகே வந்து நின்றாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"ஒன்ன கூப்பிடல" என்றார். அப்புறம் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "வந்தது வந்துட்ட, குந்து."